எந்த ஒப்பந்தம் வேலை தரும்? ஆர்செப், ஆசியான், பிரிட்டன்: மூன்று வழிகளின் ஒப்பீடு

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வேலையைப் பறிக்கும் என்பவரும் வேலையைக் கொடுக்கும் என்பவரும் ஒரே மேடையில் வாதாடினாலும், மனதில் வைத்திருப்பது வெவ்வேறு ஒப்பந்தங்களை. இடுக்கியில் மிளகுக் கொடி வைத்திருப்பவருக்கு அந்தப் பேச்சைக் கேட்டதும் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பும் இலங்கையும் நினைவுக்கு வரும். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருக்குப் பிரிட்டன். இரண்டு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் பெண்ணுக்கு நியூசிலாந்து. மூவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். ஒப்பந்தம் வேண்டுமா வேண்டாமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாரோடு, எந்தப் பொருளுக்கு, என்ன நிபந்தனையோடு என்று கேட்டால்தான் வேலைக்கணக்கு போட முடியும்.

கடந்த 25 ஆண்டுகளில் இந்தியா மூன்று வழிகளிலும் போய்ப் பார்த்திருக்கிறது. ஆசியான் நாடுகளோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சேர்ந்த ஆர்செப் என்ற வர்த்தகக் கூட்டமைப்பில் 2019-இல் சேராமல் வெளியே நின்றது. அதற்கு முன்பே இலங்கையோடும் ஆசியான் நாடுகளோடும் ஒப்பந்தம் போட்டது. 2022 முதல் ஐக்கிய அரபு அமீரகம், ஆஸ்திரேலியா, எஃப்டா (சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளின் குழு), பிரிட்டன் என்று வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து வரும் ஒப்பந்தத்தை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று ஒரு தொழிற்சங்கமோ விவசாயச் சங்கமோ முடிவெடுக்க வேண்டுமானால், இந்த மூன்றின் விளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

அதற்கு முன் ஒரு விஷயம். சுங்கவரி மூன்று பாதைகளில் வேலையைத் தொடுகிறது. நம் சரக்குக்கு அங்கே எவ்வளவு வரி என்பது ஒன்று. அவர்கள் சரக்குக்கு இங்கே எவ்வளவு வரி என்பது இரண்டாவது. நம் தொழிற்சாலை வாங்கும் மூலப்பொருளுக்கு நாமே போட்டிருக்கும் வரி மூன்றாவது. அரசியல் மேடையில் முதல் இரண்டும்தான் பேசப்படுகின்றன. ஆனால் ஒப்பந்தம் கசந்துபோன இடங்களில் பெரும்பாலும் மூன்றாவதுதான் வேலையைக் கெடுத்திருக்கிறது. தைத்த சட்டை வரியில்லாமல் உள்ளே வரும், அதைத் தைக்கும் துணிக்கு மட்டும் வரி கட்ட வேண்டும் என்றால், எந்தத் தையல் யூனிட்டும் தாங்காது. தலைகீழ் வரி என்று தொழில்துறையினர் இதைத்தான் சொல்கிறார்கள்.

வெளியே நிற்பது

2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா ஆர்செப்பில் சேரமாட்டோம் என்று அறிவித்தது. மீதி 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்திட்டன. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவின் மறுப்புக்குக் காரணங்கள் வலுவானவை. வரிக்குறைப்பை 2014-இல் இருந்த விகிதத்திலிருந்து கணக்கிடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மின்னணுப் பொருள்களுக்கு இந்தியா உயர்த்தியிருந்த வரியெல்லாம் ஒரே வீச்சில் அடிபட்டுப் போயிருக்கும். இறக்குமதி ஓர் அளவைத் தாண்டினால் தானாகவே வரி ஏறும் பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியா கேட்டதும் நடக்கவில்லை.

பால் விஷயத்தில் அச்சம் நியாயமானது. நியூசிலாந்து கறக்கும் பாலில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போகிறது. இங்கே ஆவினுக்கும் அமுலுக்கும் பால் ஊற்றுவோரில் மிகப் பெரும்பாலோர் ஓரிரண்டு மாடுகளை நம்பி இருப்பவர்கள். உலகச் சந்தையில் பால்பவுடர் விலை விழும் ஓர் ஆண்டு போதும், கொள்முதல் விலை ஆட்டம் காண. பால் பணம் கிராமத்துப் பெண்களின் கைக்குப் போகும் பணம் என்பதால், அந்த இழப்புக்கு ஈடாக நகரத்துத் தொழிற்சாலையில் வேறு யாருக்கோ வேலை கிடைத்தது என்று சொல்வது பதிலாகாது.

சீனாவைப் பொறுத்தவரை கணக்கு வேறு. சீனாவுடனான நம் வர்த்தகப் பற்றாக்குறை 2018-19-இல் சுமார் 5,360 கோடி டாலர். ஆர்செப்புக்கு வெளியே நின்ற பிறகு, 2024-25-இல் அது சுமார் 9,920 கோடி டாலர். சேர்ந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெளியே நிற்பதே தொழிற்சாலைகளைக் காப்பாற்றும் என்று சொன்னவர்களின் வாதத்தை இந்த எண் பலவீனமாக்குகிறது. வாங்குவதில் பெரும்பகுதி இயந்திரம், மின்னணுப் பாகங்கள், ரசாயனம். வரி போட்டாலும் வாங்கியே ஆக வேண்டியவை.

வெளியே நின்றபடியே வேலை உண்டாக்க முடியும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தைக் காட்டுவார்கள். 2020-இல் தொடங்கிய உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் கைபேசித் தொழிலை இங்கே வளர்த்தது உண்மை. 2024-25-இல் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி சுமார் 1,465 கோடி டாலர். அசெம்பிளி வரிசையில் நிற்போரில் பெண்களே அதிகம். ஆனால் இந்த வெற்றி வெறும் வரிச்சுவரால் வந்ததல்ல. கைபேசிப் பாகங்கள் பலவற்றின் இறக்குமதி வரியை 2024 ஜனவரியில் அரசே 15-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது. ஏற்றுமதிக்குத் தைப்பதானாலும் கோப்பதானாலும் உள்ளே வரும் பாகம் மலிவாக வேண்டும்.

பருத்தியில் இதையே நேர்மாறாகச் செய்தார்கள். 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி வந்தது. விலை ஏறிய 2022-இல் அதைத் தற்காலிகமாக நீக்கி, மறுபடி போட்டார்கள். அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட 2025 ஆகஸ்டில் அவசரமாக விலக்கி, பிறகு டிசம்பர் வரை நீட்டினார்கள். நூல் விலை மூன்று மாதத்துக்கு ஒரு திசையில் போனால், ஆறு மாதம் முன்பே விலை பேசி ஆர்டர் எடுத்த பனியன் கம்பெனி எங்கே போய் நிற்கும்? இந்தப் பருத்தி வரியைத் தூண்டியது எந்த வெளிநாட்டு ஒப்பந்தமும் அல்ல, நம் சொந்த முடிவு.

பக்கத்து நாடுகளோடு

ஆசியானுடன் சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்ட் 13-இல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கையெழுத்தான இரண்டு மாதத்துக்குள், அக்டோபர் 2 அன்று, கேரளத்தில் அப்போது ஆட்சியில் இருந்த இடதுசாரிகள் காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தினார்கள். மிளகு, தேயிலை, காபி, பனை எண்ணெயைச் சிறப்புப் பட்டியலில் வைத்து வரியை மெதுவாகக் குறைப்பதாகவும், 489 பொருள்களை முழுக்க விலக்கியிருப்பதாகவும் மத்திய அரசு சொன்னது.

பின்னால் நடந்ததில் இரு தரப்பும் பாதி சரி. இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில்தான் இருந்தது. ஆகவே 2012-க்குப் பிறகு கன்னியாகுமரி, கோட்டயம் ரப்பர் விவசாயிகளைச் சாய்த்த விலைவீழ்ச்சியை முழுக்க ஒப்பந்தத்தின் தலையில் கட்ட முடியாது, உலக விலையே விழுந்தது. ஆனால் ரசாயனம் கலந்த கலவை ரப்பர் சுங்கப் பட்டியலில் வேறு தலைப்பில் குறைந்த வரியில் வந்துகொண்டிருந்தது. அதன் பொது வரியை 10-லிருந்து 25 சதவீதமாக உயர்த்த 2023 பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பொருளைக் காப்பாற்றிவிட்டு அதன் அடுத்த வடிவத்தை மறந்துவிட்டால் காப்பாற்றியதாகாது. விலக்குப் பட்டியலைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டிய ஓட்டை இதுதான்.

மிளகில் ஓட்டை வேறு வழியில் இருந்தது. ஆசியான் மிளகுக்கு வரி 50 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இலங்கை ஒப்பந்தத்திலோ ஆண்டுக்கு 2,500 டன் வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக இலங்கை மிளகாக வருகிறது என்று விவசாயிகள் குரல் எழுப்பினார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அரசு நிர்ணயித்தது அதற்காகத்தான்.

இலங்கைத் தரப்பும் இந்த வகை ஒப்பந்தத்தில் ஒரு பாடம் படித்தது. இந்திய-இலங்கை ஒப்பந்தம் 2000-இல் நடைமுறைக்கு வந்ததும், இந்தியாவில் பனை எண்ணெய்க்கு இருந்த உயர்ந்த வரியைத் தவிர்க்க இந்திய முதலீட்டாளர்கள் இலங்கையில் வனஸ்பதி ஆலைகளைத் தொடங்கினார்கள். செம்பிலும் இதே கதை. இலங்கையின் ஏற்றுமதி எண்கள் சில ஆண்டுகள் குதித்தன. இந்தியா பனை எண்ணெய் வரியைக் குறைத்ததும் ஆலைகள் நிற்க வழியில்லை, வேலையும் போனது. வரி வித்தியாசத்தின் மேல் மட்டும் நிற்கும் வேலை அந்த வித்தியாசம் மூடப்படும் நாள் வரைதான் இருக்கும்.

ஆசியானுடனான பற்றாக்குறை 2010-11-இல் சுமார் 500 கோடி டாலராக இருந்து 2022-23-இல் 4,357 கோடி டாலரானது. பற்றாக்குறையை அப்படியே வேலையிழப்பாக மொழிபெயர்ப்பது தவறு, நிலக்கரியும் பனை எண்ணெயும் நாம் எப்படியும் வாங்குபவைதான். ஆனாலும் இந்தக் குழுவோடு நம்முடைய அடிப்படைச் சிக்கல் தெரிகிறது. அவர்களும் நம்மைப் போலவே தைக்கிறார்கள், கோக்கிறார்கள், மசாலா விளைவிக்கிறார்கள். ஒரே வகை உழைப்பை விற்கும் இருவர் வரியைக் குறைத்துக்கொண்டால், துறைமுகமும் மின்சாரமும் துணியும் யாரிடம் மலிவோ அவர் ஜெயிக்கிறார்.

வங்கதேசம் இதற்குத் தெளிவான சான்று. தெற்காசிய நாடுகளுக்கிடையிலான சாஃப்டா ஒப்பந்தத்தின் கீழ் 2011 முதல் அந்நாட்டு ஆடைகளுக்கு இந்தியாவில் வரி இல்லை. சீனத் துணியை வரியில்லாமல் வாங்கித் தைத்து இங்கே அனுப்ப அவர்களால் முடிகிறது. அதே துணிக்கு இங்கே வரி. உள்நாட்டுச் சந்தைக்குத் தைக்கும் சிறு யூனிட்டுகள்தான் இதில் அடிபட்டன, ஏற்றுமதிக் கம்பெனிகள் அல்ல. திருப்பூருக்குள்ளேயே வர்த்தக ஒப்பந்தம் பற்றி இரண்டு கருத்து இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பணக்கார நாடுகளோடு

பிரிட்டனுடனான ஒப்பந்தம் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. நம் சரக்குகளில் 99 சதவீத வகைகளுக்கு அங்கே வரி நீங்குகிறது. பதிலுக்கு நாம் 90 சதவீத வகைகளில் வரியைக் குறைக்கிறோம். ஸ்காட்ச் விஸ்கிக்கு 150 சதவீத வரி முதலில் 75 ஆகி, பத்தாண்டில் 40 ஆகிறது. கார்களுக்கு ஒதுக்கீட்டுக்குள் 10 சதவீதம் வரை இறங்கும். பால் பொருள்களும் ஆப்பிளும் விலக்கப்பட்டிருக்கின்றன.

திருப்பூருக்கு இதன் பொருள் என்ன? இதுவரை இந்தியப் பின்னலாடை பெரும்பாலும் 9.6 சதவீத வரி கட்டி பிரிட்டனுக்குள் போனது. வங்கதேச ஆடைக்கு வரி இல்லை. உதாரணமாக 3 பவுண்டு மதிப்புள்ள ஒரு டி-சர்ட் என்றால் 29 பென்ஸ் வித்தியாசம். 10,000 பீஸ் ஆர்டரில் 2,880 பவுண்டு. மிகக் குறைந்த லாபத்தில் ஓடும் தொழிலில் ஆர்டர் எங்கே போகும் என்பதை இந்தத் தொகை முடிவு செய்துவிடும்.

வரி நீங்கிய தொகை யாருக்குப் போகும் என்பதையும் பார்க்க வேண்டும். வரியைக் கட்டுவது பிரிட்டனில் இருக்கும் வாங்குபவர். மிச்சமாகும் 29 பென்ஸில் பெரும்பங்கை அவரே வைத்துக்கொள்ளவும் முடியும், விலையைக் குறைத்துக் கேட்கவும் முடியும். தொழிலாளிக்குப் பலன் பெரும்பாலும் கூலி உயர்வாக வராது, ஷிப்ட் குறையாமல் ஓடுவதாக வரும். பெரிய கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கும் சிறு பவர் டேபிள் யூனிட்டில் ஆர்டர் குறைந்தால் யாரையும் வேலையை விட்டு நீக்கமாட்டார்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்பது நான்காகும், ஓவர்டைம் நிற்கும், கைமடிக்கும் பெண்களை முதலில் வரவேண்டாம் என்பார்கள். வேலையிழப்புப் புள்ளிவிவரத்தில் இது ஏறவே ஏறாது. ஒப்பந்தத்தால் ஒரு வேலையும் போகவில்லை என்று அமைச்சகங்கள் சொல்வதையும் இத்தனை வேலை வந்தது என்று சொல்வதையும் ஐயத்தோடு பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வரி பூஜ்யமானால் மட்டும் போதுமா என்பதற்கு ஜப்பான் விடை சொல்கிறது. 2011 ஆகஸ்ட் முதல் இந்திய ஆடைகளுக்கு அங்கே வரி இல்லை. பல ஆண்டுகள் கழித்தும் ஜப்பான் வாங்கும் ஆடைகளில் நம் பங்கு மிகச் சிறியது. அவர்களுக்கு வேண்டியது செயற்கை இழை ஆடைகள், நமக்கு வருவது பருத்தி. ஊசிமுனை ஒன்று துணியில் தங்கினாலும் முழுச் சரக்கையும் திருப்பும் அளவுக்குத் தரச் சோதனை. சிறு சிறு ஆர்டராகக் கொடுப்பார்கள். இந்தியாவின் ஆடை ஏற்றுமதி பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் 1,500 முதல் 1,700 கோடி டாலரை ஒட்டியே சுற்றுவதற்கு வரி ஒரு காரணம் மட்டுமே.

மூல விதி இன்னொரு முட்டுக்கட்டை. வரிச்சலுகை பெற, பொருள் இங்கே உருவானது என்று நிரூபிக்க வேண்டும். கோவை, திண்டுக்கல் ஸ்பின்னிங் மில் நூல், திருப்பூரில் பின்னி, சாயமேற்றி, தைத்த பருத்தி டி-சர்ட்டுக்குச் சிக்கல் இல்லை. சீன, தைவான் பாலியஸ்டர் துணியை வாங்கித் தைக்கும் விளையாட்டு உடைக்கு, பொருள்வாரி விதியைப் படிக்காமல் விலை பேசக்கூடாது. சுங்கப் பட்டியலில் பின்னலாடை 61-ஆவது அத்தியாயம், நெய்த ஆடை 62. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். நூல் பில், துணி பில், ஜாப் ஒர்க் சலான், சாயமேற்றிய ரசீது இவற்றைச் சரக்கு வாரியாகக் கோப்பில் வைக்காத சிறு யூனிட்டுகள் இரண்டு ஆண்டு கழித்து வரும் சோதனையில் மாட்டும். சலுகை ரத்தானால் வாங்குபவர் பின்வரியை ஏற்றுமதியாளரிடம்தான் கேட்பார். பெரிய கம்பெனிக்கு ஆவணம் பார்க்கத் தனி ஆள் உண்டு. ஐம்பது மெஷின் யூனிட்டுக்கு இல்லை. ஒப்பந்தப் பலன் பெரியவர்களிடம் தேங்கிவிடுவதற்கு இது நடைமுறைக் காரணம்.

சாயம் மூன்றாவது வரம்பு. நொய்யலில் கழிவு கலந்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாத முறையில்தான் ஆலைகள் ஓடுகின்றன. அது சரியான கட்டுப்பாடு, தளர்த்தக் கூடாதது. ஆனால் சுத்திகரிப்புக்கு முதலீடு இல்லாமல் சாயத் திறன் கூடாது, சாயத் திறன் கூடாமல் பிரிட்டன் ஆர்டர் இரட்டிப்பாக முடியாது. லண்டனில் கையெழுத்திட்ட எந்தத் தாளும் இதைத் தீர்க்காது.

ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணித் தொழிலுக்கு நிலை இன்னும் சாதகம். பிரிட்டனில் 16 சதவீதம் வரை இருந்த வரி நீங்குகிறது, தோல் பெரும்பாலும் இங்கேயே பதனிடப்படுகிறது.

எஃப்டா ஒப்பந்தம் தனி வகை. 15 ஆண்டில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 லட்சம் நேரடி வேலை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை எண்ணிக்கையை ஒப்பந்தத்தில் எழுதவைத்தது நல்ல முன்னேற்றம். எனினும் முதலீடு செய்ய வேண்டியவை தனியார் நிறுவனங்கள், அரசுகள் உறுதி தருவது முயற்சிக்கு மட்டுமே. இலக்கு தவறினால் இந்தியா சலுகையைத் திரும்பப் பெற வழி உண்டு, ஆனால் கலந்தாய்வுக் காலங்கள் முடிந்து அந்த நாள் வர வெகுகாலம் ஆகும்.

அரசியல் எங்கே பிரிகிறது

இடது வலது என்று இதைப் பிரிக்க முடியாது. ஆர்செப்பை எதிர்த்தவர்களில் இடதுசாரி விவசாயச் சங்கங்களும் ஆர்.எஸ்.எஸ். சார்பு அமைப்பான சுதேசி ஜாக்ரண் மஞ்சும் ஒரே பக்கம் நின்றன. ஆசியான் பேச்சுக்கான அடித்தள ஒப்பந்தம் 2003-இல் வாஜ்பாய் ஆட்சியில், சரக்கு ஒப்பந்தம் 2009-இல் மன்மோகன் சிங் ஆட்சியில். அதைப் பின்னாளில் கடுமையாகக் குறைகூறிய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல்தான் இன்று வரிசையாக ஒப்பந்தங்களை முடித்தவர். பிரிட்டனிலும் அப்படியே. பேச்சைத் தொடங்கியது கன்சர்வேடிவ் அரசு, முடித்தது லேபர் அரசு. தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்களுக்கு மூன்றாண்டு வரை இரட்டைச் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இல்லை என்ற உடன்பாட்டை, பிரிட்டிஷ் தொழிலாளியை விட இந்தியரை மலிவாக்குகிறது என்று எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ்கள் தாக்கினார்கள். வேலை பறிபோகிறது என்ற அதே பயம், திசை மட்டும் மாறி.

அமெரிக்காவில் இந்தப் பயம் அரசியலையே புரட்டிப்போட்டது. சீன இறக்குமதியால் இழந்த வேலைகள் நாடு முழுக்கப் பரவாமல் சில ஊர்களில் குவிந்தன, அந்த ஊர்கள் பல ஆண்டு கழித்தும் மீளவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கோர்டன் ஹான்சன் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. 1962 முதல் அங்கே இறக்குமதியால் வேலையிழந்தவர்களுக்கு மறுபயிற்சி, உதவித்தொகை தரும் சட்டம் இருந்தும் போதவில்லை. 2022 ஜூலையில் அதற்கும் புது விண்ணப்பம் நின்றுபோனது. இந்தியாவில் அதற்கு இணையான திட்டமே இல்லை. இ.எஸ்.ஐ.-யில் 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் ஏற்பாடு ஒன்று அவ்வப்போது நீட்டிக்கப்படுகிறது. ஜாப் ஒர்க் யூனிட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லாதவருக்கு அதுவும் கிடையாது. மிளகு விவசாயிக்கு எதுவுமே கிடையாது.

எதைத் தேர்வது

தமிழ்நாட்டு வேலைகளை மட்டும் அளவுகோலாக வைத்தால் எங்கள் முடிவு இது. நம்மிடம் இருப்பது தையல், தோல், அசெம்பிளி. இதை வாங்குகிற, தானே செய்யாத நாடுகளோடு போடும் ஒப்பந்தமே முதல் தெரிவு. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவை நம்பி இருந்து, 2025-இல் ஒரே மாதத்தில் பட்ட அடி, சந்தையைப் பரப்ப வேண்டிய அவசரத்தைச் சொல்லிவிட்டது. ஆர்செப் மாதிரியான பெருங்கூட்டில் சேர்வது கடைசித் தெரிவு. பால் விலக்கு கிடைக்காதவரை அதைப் பரிசீலிக்கவே வேண்டியதில்லை. ஆசியான் ஒப்பந்தத்தைக் கிழிப்பது தேவையில்லை. மூல விதியை இறுக்கித் திருத்துவது போதும்.

முதல் தெரிவுக்கும் ஆதரவு நிபந்தனையோடுதான். உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டியவை: பூஜ்ய வரியில் உள்ளே வரும் ஒவ்வொரு முடிந்த பொருளுக்கும் அதன் மூலப்பொருள் வரி என்ன? விலக்குப் பட்டியலில் உள்ள பொருளின் அடுத்த வடிவம் எந்தத் தலைப்பில் வரும்? சிறு யூனிட்டுக்கு மூலச் சான்று ஆவணம் தயாரித்துத் தர மாவட்டத் தொழில் மையத்தில் ஆள் உண்டா? விலை விழுந்தால் எந்த அளவில், எத்தனை நாளில் பாதுகாப்பு வரி வரும்?

இந்தக் கேள்விகளைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். இந்தியாவில் வர்த்தக ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை, மத்திய அமைச்சரவை முடிவே போதும். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தத்தை 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தில் வைத்தாக வேண்டும். இங்கே விவசாயம் மாநிலப் பட்டியலில் இருந்தும் மாநில அரசின் சம்மதம் சட்டப்படி கேட்கப்படுவதில்லை. கேரளம் 2009-இல் தெருவில் சங்கிலி கோத்தபோது மை காய்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது.